புதன்கிழமைப் பலகை

போன மாதம் கண் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போயிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. மறுநாள் யார் யாருக்கு ஆபரேஷன் என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். என் முறை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பலகையில் ஆறு வருஷம் நானும் பெயர் எழுதியிருக்கிறேன். எழுதிய பெயர்களெல்லாம் மறந்துவிட்டன. ஒரு பெண்ணின் பெயரும், அவள் புருஷனின் முகமும் மட்டும் என்னை விடவில்லை.

அது யுத்த காலம். அரூர் போகும் சாலையில், இன்று சுவர்கூட மிச்சமில்லாத ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆபரேஷன் கிளார்க்கு. பெரிய டாக்டர் சேலத்திலிருந்து புதன்கிழமை மட்டும் காரில் வருவார். ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பதால் நாலு பேருக்கு மேல் கத்தி வைக்கமாட்டார். அந்த நாலு பேரைப் பலகையில் எழுதுவது என் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நாலு பேரை எழுதினால் நாற்பது பேரிடம் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் புதன்கிழமையே ஆகாது. இன்னொன்றுக்கு அமாவாசை கழிய வேண்டும். மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் குடலிறக்கத்தை முதல் வரியில் எழுதச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்புவார். பொழுது சாயும்போது எனக்குத் தொண்டை கட்டியிருக்கும், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொல்வேன். முந்தின நாள் பொழுது சாயக் கஞ்சி குடிக்கலாம், புதன்கிழமை காலையில் மட்டும் ஒன்றும் கூடாது, மயக்கத்துக்குக் குளோரபாரம் கொடுக்கும்போது வாந்தி வந்தால் ஆபத்து என்று. நாளாக ஆகப் பேச்சு தேய்ந்தது. கடைசியில், தலையைக்கூட நிமிர்த்தாமல், “ஒண்ணும் சாப்பிடாம வரணும்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பு.

சித்தேரி மலையிலிருந்து வந்த அவரிடமும் அதைத்தான் சொன்னேன். மனைவிக்கு வயிற்றில் கட்டி. அடுத்த புதன்கிழமைக்கு முதல் பெயராக எழுதினேன். சொன்னபடி புதன்கிழமை காலையில் வந்து சேர்ந்தார்கள். ஒரு கம்பளியைக் கழியில் தூளியாகக் கட்டி, அதில் அவளை வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். திங்கட்கிழமை விடியலில் கிளம்பியவர்கள்.

டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கடைசியா எப்பச் சாப்பிட்டா?” என்று கேட்டார்.

“ஞாயித்துக்கெழம சாமி. வூட்டை விட்டுக் கெளம்புனதுல இருந்து பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் இல்லீங்க. அவ மட்டுமில்ல, தூக்கியாந்த நாங்களும் வாயில ஒண்ணும் வெக்கல. சொன்னபடி சுத்தமா வந்துட்டோமுங்க” என்றார் புருஷன். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. மலையில் சாமி காரியத்துக்குப் போனால் வாசலைத் தாண்டியதிலிருந்தே விரதம், ஒருவருக்காக எல்லோரும் இருக்க வேண்டும். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டர் கையை உதறினார். இந்த உடம்பு குளோரபாரம் தாங்காது, ஒரு வாரம் சாப்பிடவைத்துத் தேற்றுங்கள் என்றார். யார் இப்படிச் சொல்லி அனுப்பியது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “மலைக்காரங்க சார், அவங்களா எதையோ நெனச்சுக்கிட்டாங்க” என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கஞ்சி கொண்டுவரப் போனார். கஞ்சியைக் கையில் வாங்கிய பிறகும் அந்த நாலு பேரும், “இப்பத் திங்கலாங்களா?” என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

அடுத்த புதன்கிழமையும் அவள் பெயரைத்தான் முதலில் எழுதினேன். அன்று டாக்டர் வரவில்லை. பெட்ரோல் கிடைக்கவில்லை என்று மத்தியானம் தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது, வயிறு பலகையாக இறுகியது. சனிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

மலைக்குத் தூக்கிப்போகும்வரை உடல் தாங்காது என்று ஆற்றோரத்தில் அடக்கம் செய்தார்கள். முடித்துவிட்டு அவர் நேராக என் மேசைக்கு வந்தார். என்னை உலுக்கிக் கேள்வி கேட்கத்தான் வருகிறார் என்று பயந்து எழுந்துவிட்டேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“ஒரு பொய் சொல்லிட்டேனுங்க சாமி. அடிவாரத்து ஓடையில பசி பொறுக்காம ஒரு பிடி நாவப்பழம் தின்னுட்டேன். யாருக்கும் தெரியாது. அதனாலதான் அவ காரியம் கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கங்க.”

அவர் வெளியே போனதும் நர்ஸம்மா என் மேசையருகே வந்து நின்றார். “ஓடிப் போய்ச் சொல்லிடுப்பா, தப்பு உன்னுதுன்னு. இல்லேன்னா அந்த மனுசன் ஆயுசுக்கும் இதைச் சுமப்பாரு” என்றார். ஓடினேன். காலிக் கம்பளியைக் கழியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். அவரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, பண்ணைக்காரர் பெயரை முதல் வரியில் எழுதினேன்.

“தாத்தா, நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்துடுங்க” என்று கண் ஆஸ்பத்திரி மேசையிலிருந்த பெண் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் நினைவு கலைந்தது. களைத்த முகம். “எப்ப இருந்தும்மா சாப்பிடக் கூடாது?” என்று கேட்டேன். அவள் சலித்துக்கொள்ளாமல், இன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிடலாம், காலையில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பலகையில் என் பெயரை எழுதினாள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று வாசலில் நான் அவரிடம் சொன்னதை நர்ஸம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. “பரவாயில்லை, மன்னிச்சுட்டோம். போயிட்டு வாங்க” என்றேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.