கத்திரிப்பூ கலர் செட்டும் என் தீபாவளிச் சீட்டும்

துணிக்கடையில் வேலை செய்கிறவளுக்குக் காலும் கணுக்காலும் வீங்கிக்கிடக்கும், வாய் மட்டும் 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு' என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கும். நான் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் ஆறு வருடமாக ட்ரையல் ரூம் வாசலில் நிற்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களாக இருந்தால், பாதியில் நின்றுபோன ஜிப்போடு மூச்சை இழுத்துப் பிடித்து நின்றவர்களாக இருந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் ஷா ஆலமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம். தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், முட்டி வரைக்கும் நீலக் கோட்டு. ஃபேக்டரியை மூடியதும் இங்கே வந்தேன், மெரூன் யூனிஃபார்ம் கொடுத்தார்கள். காலையில் எதைப் போடுவது என்று யோசித்தே பல காலம் ஆகிவிட்டது.

எங்கள் பாஸ் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆளுக்கொரு சீட்டு தருவார். கடையில் பிடித்த ஒரு செட்டை எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையோடு சீட்டு செல்லாது. ஐந்து வருடமும் என் மகளுக்குத்தான் எடுத்தேன். இந்த வருடம் அவள் ஜோகூரிலிருந்து போன் போட்டு, "எனக்கு வேணாம்மா, அலமாரில இடமில்ல. உங்களுக்கு எடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் கலர் சொல்லுகிற நான் அன்றிலிருந்து சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

என்ன எடுப்பது என்று தெரியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். கத்திரிப்பூ கலரில் ஒரு செட் வந்திருந்தது. நீளக் குர்த்தி, அதே கலரில் தொளதொள பலாஸோ பேன்ட், கழுத்தைச் சுற்றி வெள்ளி நூல் வேலை. பெட்டியைப் பிரித்த அன்றே மனம் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் அந்தக் கலரைப் போட்டால் யார் என்ன சொல்வார்களோ என்று பயம். அதனால் அதை ரேக்கின் கடைசியில், ட்ரிபிள் எக்ஸெல்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். துணிக்கடையில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் திருட்டுத்தனம் நன்றாகத் தெரியும்.

கம்பெனிக்காரன் மேல் பழி

பூச்சோங்கிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். "எனக்கு எப்பவும் எம் சைஸ்தான்" என்று சொல்லி ஆறு குர்த்தியை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். திரைக்குப் பின்னால் முதலில் ஹேங்கர் சத்தம், பிறகு முனகல், பிறகு ஒரு சத்தமும் இல்லை. தையல் பிரிகிற சத்தம் மட்டும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் வெளியே வேண்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் நீட்டி, "உள்ள லைட்டு சரியில்லக்கா, ஆள வேற மாதிரி காட்டுது" என்றார். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். உடம்பு போட்டதற்கு லைட் என்ன செய்யும் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வாயைத் திறந்தபோது எங்கள் தொழிலின் பழைய பொய்தான் வந்தது. "இந்த கம்பெனி சைஸ் சின்னதா வரும் டீச்சர். ரெண்டு சைஸ் கூட போட்டுப் பாருங்க." எக்ஸெல் எடுத்துக் கொடுத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு செட் வாங்கினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "எல்லா கம்பெனிக்காரனும் ஒரே நேரத்துல சின்னதாவா தைக்க ஆரம்பிச்சான்? எனக்குத் தெரியும்லா அக்கா. இருந்தாலும் நீங்க சொன்ன விதத்துக்கு தேங்க்ஸ்."

ஓசி டீ-ஷர்ட் அண்ணன்

ஆண்கள் பக்கத்தில் ஆள் குறைவாக இருந்த ஒரு நாள் என்னை அங்கே அனுப்பினார்கள். பண்டமாரானிலிருந்து ஓர் அண்ணன் வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். கிள்ளான் போர்ட்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மகளுக்குப் பட்டமளிப்பு விழா, அதற்கு ஒரு சட்டை வேண்டுமாம். சைஸ் கேட்டேன், தெரியாது என்றார். கடைசியாக எப்போது சட்டை வாங்கினீர்கள் என்று கேட்டேன். "என் கல்யாணத்துக்கு" என்றார்.

நான் நம்பாமல் பார்த்ததும் அவரே விளக்கினார். கம்பெனியில் சேஃப்டி டே வந்தால் ஒன்று தருவார்கள். கோவில் திருவிழாவுக்கு ஒன்று, யூனியன் டின்னருக்கு ஒன்று, மகள் பள்ளி ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒன்று. வருடத்துக்கு ஐந்தாறு டீ-ஷர்ட் சும்மா வரும்போது எதற்காகக் கடைக்குப் போவது? அன்றும் அவர் போட்டிருந்தது எப்போதோ நடந்த அன்னதானத்தின் டீ-ஷர்ட். நெஞ்சில் உபயதாரர் பெயர் பாதி அழிந்திருந்தது. நம் வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் இப்படித்தானே. என் வீட்டுக்காரரும் ஏதோ டயர் கடையின் பெயரோடுதான் தூங்குவார்.

இவருக்கு நீலம், சாம்பல் என்று நான் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கண் எதிலும் நிற்கவில்லை. நேராக நடந்து போய் ஒரு ரோஸ் கலர் சட்டையைத் தொட்டார். "ஆம்பளைங்க போடலாமாக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். தாராளமாகப் போடலாம் என்றேன். போட்டவர் கழற்றவே இல்லை. பழைய டீ-ஷர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டையோடு கவுன்டருக்குப் போனார். கண்ணாடியில் ஒருமுறை தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருஷமா அடுத்தவன் பேர நெஞ்சுல ஒட்டிக்கிட்டு நடந்தேன். இன்னிக்குதான் என் நெஞ்சு சும்மா இருக்கு."

குடையை மறந்தவர்

ஓர் அம்மா, கூடவே வேலைக்குப் போகிற இரண்டு மகள்கள். அந்த அம்மா என் வயதுக்காரர்தான். மஞ்சள் நிறத்தில் ஒரு செட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முகமே மாறியிருந்தது. மகள்கள் போனிலிருந்து கண்ணை எடுத்து, "அம்மா, வயசுக்கு ஏத்த மாதிரி எடுங்கம்மா" என்றார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, அம்மாவை யாரும் கேலி செய்துவிடக் கூடாது என்கிற அக்கறைதான். அந்த அம்மா மஞ்சளைக் கழற்ற உள்ளே போனார். கடைசியில் மகள்கள் காட்டிய சந்தன நிறத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை. அவருக்காக வருத்தப்பட்டேனா, ரேக்குக்குப் பின்னால் கிடந்த என் செட்டுக்காகவா என்று தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவர் மட்டும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். ஏதாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "குடைய மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். குடை என் ஹேண்ட்பேக்லதான் இருக்கு. அந்த மஞ்சள சீக்கிரம் எடுங்க, ரெண்டும் கீழ செண்டோல் குடிச்சிக்கிட்டு இருக்குதுங்க."

மிஸ்ஸியின் சனிக்கிழமைகள்

எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மிஸ்ஸி மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்தார். ஒவ்வொரு முறையும் பத்து செட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார், அரை மணி நேரம் வெளியே வரமாட்டார். பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக ஹேங்கரில் மாட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "சாரி" என்று சொல்லிப் போய்விடுவார். தீபாவளி நேரம், வெளியே வரிசை நீளம். கேமராவில் பார்த்த பாஸ், "அடுத்த தடவ மூணு பீஸுக்கு மேல விடாதீங்க" என்று சொல்லிவிட்டார். கேஷியர் மேரி, "போட்டோ எடுக்கத்தான் வருது போல" என்றாள்.

நான்காவது சனிக்கிழமை பாஸ் சொன்னதை எப்படிச் சொல்வது என்று திரைக்கு வெளியே வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றேன். "மிஸ்ஸி, ஆச்சா?" என்று கேட்டேன். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "முப்பது வருஷம் வெள்ளைதான்க்கா. இந்த மாசத்தோட ரிட்டையர் ஆவறேன். வீட்டுல ரெண்டு நைட்டி, கோவிலுக்கு நாலு சேல, அவ்வளவுதான். எத போட்டாலும் வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. எது நான்னு தெரியல."

நீலக் கோட்டைக் கடைசி நாள் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நின்றது ஞாபகம் வந்தது. அந்த மெரூன் யூனிஃபார்ம் கையில் கிடைத்த அன்று எனக்கு வந்த நிம்மதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாஸ் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டேன். "அவசரம் இல்ல மிஸ்ஸி. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன். வரிசையில் நின்றவர்களிடம் இந்த ரூம் திரைக் கம்பி கெட்டுப்போச்சு என்று சொல்லி, பக்கத்து ரூமுக்குத் திருப்பிவிட்டேன்.

இருபது நிமிடம் ஆயிற்று. கரும்பச்சை குர்த்தியோடு வெளியே வந்தார். தோளை இன்னும் வார்டு ரவுண்டில் நிற்கிற மாதிரி விறைப்பாகத்தான் வைத்திருந்தார். ஆனால் கண்ணாடியை நேராகப் பார்த்தார். வழக்கமான 'நல்லா இருக்கு' வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சொன்னது: "உள்ள லைட்டு ரொம்ப மோசம்க்கா. ஆனா பரவால்ல, ஆளு யாருன்னு தெரிஞ்சிருச்சு."

சீட்டு செல்லாமல் போகிற நாள்

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் கடை திறந்ததும் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, ரேக்கின் கடைசி வரைக்கும் துழாவி, என் கத்திரிப்பூ கலர் செட்டை வெளியே இழுத்துவிட்டாள். "அது உங்களுக்குப் பெருசா இருக்கும்மா" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வியாபாரத்தைக் கெடுத்தேன். கவுன்டரிலிருந்து மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி உள்ளே வந்தார், அதே கரும்பச்சை குர்த்தியில். தங்கைக்குச் சேலை எடுக்க வந்தாராம். என் கையில் இருந்த செட்டைப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டார். மேரிதான் கவுன்டரிலிருந்து கத்தினாள். "அவளுக்குத்தான் மிஸ்ஸி! ஒரு மாசமா ஒளிச்சு வச்சிருக்கா. இன்னியோட சீட்டு செல்லாது. போட்டுப் பாக்கச் சொல்லுங்க!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. "இந்த வயசுல இந்த கலரு எனக்கு..." என்று இழுத்தேன். மிஸ்ஸி என் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஊசி போடப் போகிறவர் மாதிரி என் முழங்கையைப் பிடித்து ட்ரையல் ரூமுக்குள் விட்டுத் திரையை இழுத்தார்.

உள்ளே நின்று யூனிஃபார்மைக் கழற்றினேன். குர்த்தியைத் தலைவழியாக இறக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறக்கவே பயம். திறந்து பார்த்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு, கழுத்தில் சுருக்கம், கலர்கூட வேறு மாதிரி தெரிந்தது. வேண்டாம், கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கிவிட்டேன். திரைக்கு வெளியே வரிசை சேர்கிற சத்தம் கேட்டது. யாரோ, "உள்ள யாரு, இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே, திரையை ஒட்டி நின்று மிஸ்ஸி என்னிடம் சொன்னார்: "அவசரம் இல்லக்கா. நான் இங்கதான் நிக்கிறேன்."

கத்திரிப்பூ கலரில் நான் வெளியே வந்து, கடைக் கண்ணாடியில் அதே கலர் எனக்கு நன்றாகத் தெரிந்ததைப் பார்த்ததும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு பாஸிடம் முதலில் கேட்டது, ஆறு வருடமாகக் குண்டானவர்கள் சொல்லுகிற சாக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த ட்ரையல் ரூம் லைட்டை இன்றைக்கே மாற்றச் சொல்லித்தான்.