பதினாறு கார்களை ஒட்டியவர்

பெயிண்டருக்கும் டிங்கருக்கும் ஆகாது. ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் வண்டியின் நெளிசலைத் தட்டி நிமிர்த்துவார்; இன்னொருவர் அதன்மேல் பெயிண்ட் அடிப்பார். பதினொரு வருடமாகக் கீரியும் பாம்பும்தான். போதாக்குறைக்கு டிங்கர், பெயிண்டரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வேலையில் பார்த்துச் சலித்த முகத்தை வீட்டு வாசலிலும் பார்க்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சண்டைக்குக் காரணம் பெயிண்டரின் படங்கள். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து கார் வரைவார். எல்லாம் பழைய காலத்துக் கார்கள்தான், ஆனால் எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்திருக்காது. கூரை அமுங்கிக் கிடக்கும், பின்சக்கரம் கூரையைவிட உயரமாக நிற்கும், பானெட்டைப் பிய்த்துக்கொண்டு எஞ்சின் வெளியே வந்திருக்கும். ஹெட்லைட் இரண்டும் முறைக்கும், முன்பக்கக் கிரில் பல்லைக் கடிக்கும். மனிதர் விழுங்கிய கோபத்தையெல்லாம் அந்தக் கார்களின் மூஞ்சியில்தான் கக்கினார் என்பேன்.

"நசுங்குன வண்டிய நிமித்தி நிமித்தி எனக்கு இடுப்பு ஒடியுது. இவரு நல்ல வண்டிய நசுக்கி வரையுறாரு" என்று டிங்கர் எல்லார் காதிலும் விழச் சொல்வார். ஒருநாள் ஒரு கார் மூஞ்சிக்கு மீசையே போட்டுவிட்டார். பெயிண்டர் அந்தத் தாளைக் கசக்கி அவர் முகத்தில் எறிந்தார். அன்றிலிருந்து படங்களை ஒளித்து வைக்கத் தொடங்கினார்.

ஒளிக்க நல்ல இடமும் இருந்தது. பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடியில் தெறிக்காமலிருக்க வெள்ளைப் பேப்பரை வெட்டி டேப் போட்டு ஒட்டுவார்கள். அவர் வரைவதும் அதே பேப்பரில்தான். வெட்டி அடுக்கிய வெற்றுத் தாள்களுக்கு அடியில் படங்களைக் குப்புறப் போட்டுவிட்டால் டிங்கருக்குத் தெரியவே தெரியாது.

பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கச் செயலாளர் ஒருமுறை அந்தப் படங்களைப் பார்த்துவிட்டார். "பன்னெண்டு குடுங்க, எங்க காலண்டர்ல உங்க பேரோட மாசத்துக்கு ஒண்ணு போடுறோம். மூணு வாரம் கழிச்சு சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன், அன்னிக்கே அச்சுக்குப் போகணும்" என்றார். பிறந்ததிலிருந்து யாரும் பெயிண்டரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. காலண்டருக்குப் பழையது ஆகாது என்று எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று வாரம் சரியாகத் தூங்காமல் புதிதாகப் பதினாறு படம் வரைந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு வேனை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. முதலாளி பக்கத்திலேயே நின்று கத்தினார். பெயிண்டரும் டிங்கரும் வேனைச் சுற்றி ஓடி ஓடிப் பேப்பர் ஒட்டினார்கள். சாயங்காலத்துக்குள் பெயிண்ட் அடித்தாயிற்று.

சனிக்கிழமை காலை பெயிண்டர் பேப்பரை உரித்தார். தாளின் அடிப்பக்கத்தில் முறைக்கும் ஹெட்லைட் இரண்டு தெரிந்தது. பெயிண்டும் அதில் கலந்த தின்னரும் ஊறி, காரின் மூஞ்சி கலங்கி வழிந்திருந்தது. அடுத்ததை உரித்தார், அதற்கடுத்ததையும். பதினாறும் போயிற்று.

"நீ மனுசனா மச்சான்? வேணும்னேதான ஒட்டுன?"

டிங்கருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தாள்களைப் பார்த்ததும் புரிந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மாப்பிள்ளையிடம் இறங்கிப் போவதா?

"ஆமா, நான்தான். இப்பவாவது உன் பொம்மைக்கு ஒரு உபயோகம் வந்துச்சே."

பெயிண்டர் வாய்க்கு வந்தபடி ஏசினார். செத்தாலும் உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்றார். பிறகு தனியாகத் தாள்களைப் பொறுக்கும்போதுதான் கவனித்தார். டேப்பின் ஒவ்வொரு நுனியும் உள்ளே மடிந்திருந்தது. உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அப்படி மடித்து ஒட்டுவது அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே அவர் ஒருவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டிருந்தார். வாசலில் செயலாளரின் கார் சத்தம் கேட்டது. அவசரமாக நுனிகளைப் பிய்த்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, "என் மச்சானக் கேளுங்க" என்று டிங்கரைக் கை காட்டினார். செயலாளர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

அன்றோடு மனைவி அண்ணனிடம் பேசுவதை விட்டாள். பெயிண்டர் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

ஒரு வாரம் கழித்து வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தவள், கார் படத்தின் ஓரம் ஒட்டிய டேப் துண்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டினாள்.

"எங்கண்ணன் டேப்பப் பல்லால கடிச்சுப் பிய்க்கிற ஆளு. சர்க்கரைப் பொட்டலத்துக்குக்கூட நுனிய மடிச்சு ஒட்டுறது நீங்கதான். இத மடிச்சது யாரு?"

அவள் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணா, நீ ஒட்டலன்னு தெரிஞ்சுபோச்சு."

"எவன் சொன்னான்? நான்தான் ஒட்டுனேன். பதினாறையும் பாத்துப் பாத்து ஒட்டுனேன்னு அவன்கிட்ட சொல்லு."

பெயிண்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படங்கள் போனது போகட்டும், அதிலும் இந்த ஆளுக்குப் பங்கா? போனைப் பிடுங்கினார்.

"பொய் சொல்லாத மச்சான்! நான்தான் ஒட்டுனேன். பதினாறும் நான்தான்!"

மறுமுனையில் டிங்கரின் குரல் இறங்கியது.

"அப்ப உன்கிட்ட ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"இல்ல."

"மீசை வச்சது என் டூல் பெட்டியில இருக்கு. நீ கசக்கி எறிஞ்சத நான்தான் நிமித்தி வச்சிருக்கேன்" என்றார் டிங்கர். "தர மாட்டேன், போ."

போன் வைக்கப்பட்டது.