உலக்கையால் மடித்த மட்காடு

எங்கள் வீட்டு உலக்கை மாவு இடித்திருக்கிறது, மிளகாய் இடித்திருக்கிறது, ஒருமுறை கொல்லையில் புகுந்த பாம்பைக்கூட அடித்திருக்கிறது. கார் ரிப்பேர் செய்ததும் உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஐப்பசியில் அது நடந்தது.

சாலவாக்கத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு கார்தான். என் அப்பாவின் பழைய அம்பாசிடர். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பயிர் வேலை போக மிச்ச நேரத்தில் அதை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம் என்றால் பாதி ஊர் அதற்குள் ஏறும். மீதிப் பாதி, ஏன் எங்களை ஏற்றவில்லை என்று சண்டைக்கு வரும்.

சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டை மட்காடு என்போம். அதன் விளிம்பு உள்பக்கமாக ஒரு விரற்கடை மடிந்து கத்திபோல நிற்கும். நைனா சல்லிசாகக் கிடைத்ததென்று கொஞ்சம் அகலமான டயர்களை மாட்டியிருந்தார். பின்னால் பாரம் ஏறி, வண்டி பள்ளத்தில் குதித்தால், விளிம்பு டயரில் கர்ரென்று உரசும். ரப்பர் தீய்ந்த நாற்றம் வரும். கேட்டால், “ஓடற வண்டி சத்தம் போடாம இன்னா பண்ணும்?” என்பார்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருநாளோடு வாயை மூடிக்கொண்டார். அந்த ஐப்பசிக்கு முந்தைய வருஷம் அம்மாவைப் பிரசவத்துக்குச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனபோது, ஏரிக்கரை வளைவில் அந்த விளிம்பு இடப்பக்கப் பின்டயரை அறுத்துவிட்டது. டயர் வெடித்து, வேறு சக்கரம் மாட்டி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். “பாப்பா சாமிகிட்ட பூட்ச்சி” என்றார்கள். நாம் போகத் தாமதமானதால் கடைசி பஸ் கிளம்பிவிடுவதுபோலக் குழந்தை கிளம்பிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் காரில் ஏறவே இல்லை. பெட்ரோல் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் போனாள். கார் வாசலில் நிற்க, காரின் சொந்தக்காரி பஸ்ஸுக்கு நடப்பதை ஊரே வேடிக்கை பார்த்தது. நைனா அந்த நேரங்களில் பானெட்டைத் திறந்து எதையாவது குடைந்துகொண்டிருப்பார்.

இப்போது அம்மாவுக்கு மறுபடியும் நிறைமாதம். இந்தத் தடவையும் டயர் வெடித்தால்? இந்தக் குழந்தையும் காத்திருக்காமல் போய்விட்டால்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அம்மாவின் வயிற்றைப் பார்ப்பேன், அடுத்ததாக அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பேன்.

உத்திரமேரூரில் லாரிப் பட்டறை ஒன்றில் தகடு நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்த என் மாமாவை, அம்மாவின் தம்பியை, நைனா வரவழைத்தார். விளிம்பை மேல்நோக்கி மடித்துத் தகட்டோடு தகடாகப் படுக்கவைத்துவிட்டால் டயரில் படாது. பட்டறைக்கே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று வண்டியை வாசலைவிட்டு நகர்த்த நைனாவுக்கு மனமில்லை. மாமா சுத்தியலை ஓங்கியதும் பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா ஓடிவந்தாள்.

“நெறமாசக்காரி கீற வூட்ல இரும்ப அடிக்கறதா? ஆணிகூட அடிக்கமாட்டாங்களே! இன்னா புத்தி ஒனக்கு?”

மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். பெரியம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் வம்சத்தில் இல்லை. சற்று யோசித்துவிட்டு, “அடிக்காத மடிக்கலாம் மாமா. உருட்டுக்கட்ட மாதிரி எதனா ஒண்ணு வேணும்” என்று நைனாவிடம் சொன்னார். எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, அம்மா மெல்ல உள்ளே போய் உலக்கையைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

பெயிண்ட் வெடிக்காமல் இருக்க, கொதிக்கும் தண்ணீரில் நனைத்த துணியை விளிம்பின்மேல் மாற்றி மாற்றிப் போட்டார்கள். டிக்கியில் நெல் மூட்டைகளை ஏற்றினார்கள். பாரத்துக்காகப் பின்சீட்டில் பெரியப்பாவோடு என்னையும் உட்காரவைத்தார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்து என் கனத்தைக் கூட்டப் பார்த்தேன். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே உலக்கையைச் செருகி மாமா பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் வண்டியைச் சாண் சாணாக முன்னே தள்ளினார்கள், பின்னே இழுத்தார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற உலக்கையும் சுற்றியது. தகடு முனகிக்கொண்டே மடிந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது.

ஆனால் மடிந்த இடத்தில் பெயிண்ட் விரிசல் விட்டு, வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்தது. மாமா உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடிக்கலாம் என்று டப்பாவைத் திறந்தார். அது காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

“காலையில புதுசு வாங்கியாந்து அடிச்சிர்றேன். அதுவரைக்கும் தண்ணி படாம பாத்துக்க மாமா” என்று நைனாவிடம் சொல்லிவிட்டு அவர் போனார். அதைப் பெரியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. நைனா மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருந்த நேரத்தில் அவள் வந்தாள். கை வைத்த வண்டியில் பூசை போடாமல் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றலாமா? மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து விளிம்பு நெடுகப் பூசி, அந்த ஈரத்தின் மேலேயே வரிசையாகக் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுத் திருப்தியாகப் போனாள்.

காலையில் பார்த்தால் எது குங்குமம், எது துரு என்று தெரியவில்லை. மழை ஈரம் வேறு. நைனாவின் முகம் செத்துவிட்டது. துணியை எடுத்துத் துடைக்கப் போனவரைப் பெரியம்மா தடுத்தாள்.

“குங்குமத்த தொடைக்கறதா? இந்த நேரத்துலயா? கைய எடு!”

“உள்ள துரு ஏறிக்கினு கீது அண்ணி.”

“ஏறட்டும். புள்ள பொறந்தப்பறம் தொடச்சிக்க.”

மாமா புது டப்பாவோடு வந்து பார்த்துச் சிரித்தார். இது மேல்துரு, இதனால் டயருக்கு ஒன்றும் ஆகாது என்றார். நைனாவின் காதில் ஏறவில்லை. துரு தகட்டைத் தின்று, தகடு உதிர்ந்து, டயரைக் கிழிப்பதுவரை அவர் மனம் அதற்குள் ஓடியிருக்க வேண்டும். எனக்கும் அதே பயம். தொட்டால் விரலில் சிவப்பாக ஒட்டியது.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு வலி எடுத்தது. நைனா சாவியை எடுத்தார், ஆணியில் மாட்டினார், மறுபடியும் எடுத்தார். பிறகு மாமாவைப் பார்த்து, “நம்ம வண்டி வோணாம்டா. ஓடு, வேன் கொணா” என்றார்.

மாமா சாலவாக்கத்திலிருந்து வாடகை வேனோடு வந்தார். புதுசு, திரை போட்ட ஜன்னல்கள். கதவைத் திறந்து வைத்தார்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வேனைத் தாண்டி நேராக எங்கள் காருக்குப் போனாள். இடப்பக்கப் பின்கதவைத் திறந்து, அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னா நிக்கற? வண்டிய எடு” என்றாள் நைனாவிடம்.

நல்ல வேன் இருக்க இதில் ஏன் ஏறினாள் என்று எனக்கு அம்மாவின்மேல் கோபமாக வந்தது. பெட்ரோல் வாசனை இன்று மட்டும் ஒத்துக்கொள்ளுமா? அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு வேன் காலியாகப் பின்னால் வந்தது. நைனா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஏரிக்கரை வளைவு வந்தது. வண்டி இறங்கிக் குதித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மழையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தம்பி மத்தியானம் பிறந்தான். வீறிட்டு அழுத சத்தம் வராந்தாவரைக்கும் கேட்டது. பெரியம்மா உள்ளே ஓடினாள். நைனாவைக் காணோம். தேடிக்கொண்டு வெளியே போனேன். காருக்குப் பக்கத்தில் குந்தி, மட்காட்டின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. என்னைப் பக்கத்தில் இழுத்து மெதுவாகக் கேட்டார்.

“வரும்போது உங்கம்மா எதனா சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல நைனா.”

“வளைவாண்ட வந்தப்போ? பயந்தாளா?”

“இல்ல. அதுக்கு முன்னயே வலி கொஞ்சம் வுட்டுச்சி, தூங்கிட்டா. எந்தோள்மேல சாஞ்சிக்கினு.”

நைனா துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். தோள்கள் குலுங்கின. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டு மடித்த மட்காட்டின் அருமை தெரியாமல் அம்மா தூங்கிவிட்டாளே என்று வருத்தப்படுகிறார் என நினைத்தேன். அம்மாவை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, அவரைத் தேற்றவும் வேண்டும்.

“நா தூங்கல நைனா” என்றேன். “வழி பூரா முழிச்சிக்கினுதான் வந்தேன். சத்தமே வரல.”