கிழிந்த மூட்டை

முனிர்கா தெருமுனையில், இறந்துபோன குத்துச்சண்டைச் சாம்பியனுக்கு இன்று சிலை திறப்பு. பீடத்தின் கடைசிக் கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பொருத்தினார்கள். தொப், தொப். நான் என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன்.

என் சின்ன வயதில் எங்கள் மாடிவீட்டில்தான் அவர் குடியிருந்தார்; அண்ணன் என்ற முறையில் 'பையா' என்று கூப்பிடுவேன். கூடத்தில் மணல்மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்துவார். எங்கள் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து தோசைமாவில் விழும்.

"பெரிய ஆளா வருவான் பாரு" என்பார் அப்பா.

ஒருநாள் மூட்டை கிழிந்து, தைப்பதற்காக எங்கள் வாசலில் கிடந்தது. அன்று சாயங்காலமும் மேலே அதே சத்தம்.

"மூட்டை இங்கதானே கிடக்கு? பையா எதைக் குத்தறார்ப்பா?"

அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அம்மா என் காதுகளைப் பொத்தினாள்.

மறுநாள் அவர் மனைவி, எங்கள் பாபி, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீர் பிடித்தாள்.

இப்போது பாபி நரைத்த தலையோடு, கழுத்தில் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"தாலி பஜாவோ பாய்!" என்று இந்தியில் கைதட்டச் சொல்லி மைக் அலறியது. துணி சரிந்தது. ஓங்கிய முஷ்டியோடு அவர் நின்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பாபி மட்டும் சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள்.