தெருநீளப் பட்டு

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்குக் காஞ்சிபுரத்துக்கு மாற்றலானது. தூத்துக்குடியிலிருந்து வந்து, பட்டு நெய்கிறவர்களின் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். வந்த புதிதில் அம்மா கடையில் சீனி கேட்டாள். கடைக்காரர், "சீனின்னா இன்னாமா, சக்கரையா?" என்று சிரித்துவிட்டார். அதற்குப்பின் கடைக்குப் போவது என் வேலையாயிற்று. அம்மாவுக்கு ஜன்னலே போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு அக்கா குடும்பத்தார் தெருநீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். தறியில் ஏறவேண்டிய பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், மயில்கழுத்து நிறத்தில். வெயில் பட்டதும் தெருவுக்குள் ஓர் ஆறு புகுந்துவிட்டதுபோல் இருந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் வானம் இருண்டது.

"மழை வந்துகினு இருக்குது! ஓடியாங்கபா!" என்று அக்கா கத்தினார்.

நனைந்தால் இழைகள் ஒட்டிச் சிக்காகிவிடும். மூன்று புடவைக்கான பட்டும் பாழ். கதவுகள் படபடவென்று திறந்தன. பால்காரர் சைக்கிளை அப்படியே சாய்த்தார். டீக்கடை பாய் அடுப்பை விட்டு ஓடிவந்தார். ஆளுக்கோர் இடத்தில் பாவைக் கைகளில் ஏந்திக்கொண்டார்கள். எங்கள் வாசலுக்கு நேரே மட்டும் யாருமில்லை. அங்கே இழைகள் தரையை நோக்கித் தொய்ந்தன.

அக்கா அண்ணாந்து பார்த்தார். "மாடியூட்டம்மா! எறங்கி வந்து புடிமா!"

"எனக்குப் புடிக்கத் தெரியாதே!" என்றாள் அம்மா. சொல்லும்போதே படியில் பாதி இறங்கியிருந்தாள்.

"கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்குமா, அவ்ளோதான்!"

அம்மா தூக்கினாள். ஒரு முனையில் இருவர் சுருட்ட, மற்றவர்கள் அதை நோக்கி நடந்தார்கள். யாரும் முந்தவில்லை, பிந்தவில்லை. பாய் மட்டும், "மெதுவா, உட்டுடாதீங்கபா," என்று தாளம்போலச் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே உடம்பு முளைத்துவிட்டதோ என்று நான் மலைத்து நின்றேன். அந்த உடம்பில் என் அம்மாவும் இருந்தாள்.

பாவு உள்ளே போனதும் மழை கொட்டியது. எதிர்வீட்டுக் கூடத்தில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். "உன் பேர் இன்னாமா?" என்று அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. அடுத்து அம்மாவின் சிரிப்பு. அவ்வளவு பலமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. மழை விட்டு வெகுநேரம் கழித்தே மாடியேறினாள்.

சாயங்காலம் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "நம்ம ஊருக்கே மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்திரட்டுமா?"

"நாளைக்கு விடியக்காலையில திரும்பவும் பாவு நீட்டுதாவளாம். என்னையும் வரச் சொல்லியிருக்காவ," என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே கடிகாரத்தில் விடியற்காலைக்கு அலாரம் வைத்தார். அவர் கேட்டதற்கு அம்மா பதிலே சொல்லவில்லையே என்று எனக்குத்தான் குழப்பமாக இருந்தது.