வலப்பக்கக் கதவு

மல்வேர்ன். கட்டிலும் அடுப்பும் உள்ள எங்கள் பெரிய வான் வண்டியை அண்ணையின் மகள் வீட்டு வாசலில் நிறுத்துகிறேன். ஓய்வுபெற்ற கையோடு, சொந்தபந்தங்களைப் பார்க்க நானும் கணவரும் மொன்றியலிலிருந்து புறப்பட்டுவிட்டோம்.

போன மாதம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அண்ணை. அங்கே சாரதி இருப்பது வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். அந்தப் பழக்கத்தில் வலப்பக்கக் கதவுக்கு ஓடிப்போய் என் கணவரின் கையைக் குலுக்குகிறார்.

"மச்சான், உந்தப் பெரிய வாகனத்தை ஓடிக்கொண்டு வந்திட்டீரே!"

"நான் வழி முழுக்க நித்திரை. ஓடினது உங்கட தங்கச்சி."

அண்ணை என் பக்கம் சுற்றி வருகிறார். சின்ன வயதில் தன் சைக்கிளை ஓட என்னை ஒருநாளும் விடாதவர், பின் கரியரில்தான் ஏற்றிப்போவார். ஸ்டியரிங்கிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

"அப்ப இண்டைக்கு நான் பின்னுக்கு ஏறுறன்," என்கிறார்.