மௌஸ் என் கையில் இருந்தது

இன்று பயோகெமிஸ்ட்ரி லேபில் கம்ப்யூட்டர் டெஸ்ட். ஆளுக்கொரு கம்ப்யூட்டர்.

இந்த செமஸ்டர் முழுக்க வகுப்பில் இரண்டு பேருக்கு ஒன்றுதான். என் ஜோடி முருகன், அனகாபுத்தூர்க்காரன், தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். பாடம் நடத்தும் புரோகிராம் ஓடும்; திரையில் என்சைம் பற்றிக் கேள்வி வரும். அவன் இங்கிலீஷை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நான் சரியான விடையை அழுத்திவிடுவேன். உடனே அடுத்த கேள்வி. மார்க் இருவருக்கும் பொது. அவனுக்கு உதவுவதாகவே நினைத்திருந்தேன்.

இன்று அவன் ஃபெயில். திங்கட்கிழமை மறு டெஸ்டிலும் போனால் செமஸ்டர் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் கேட்டான்: "மச்சான், இன்னிக்குத்தான் பாத்தேன், தப்பா அழுத்துனா அந்த புரோகிராம் படம் போட்டு, ஏன் தப்புன்னு பொறுமையா சொல்லிக் குடுக்குதுடா. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்குடா ஒரு வாட்டி கூட காட்டல?"

"டைம் வேஸ்ட்னு..."

"உனக்கு வேஸ்ட்டு. எனக்கு அதான்டா பாடமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பஸ் ஏறிப் போய்விட்டான்.

இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்த கல்லூரியைக் கிழித்து நம் மாணவர் மெயில் குழுவில் உங்களுக்கு எழுதத்தான் இந்த பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தேன். கை வரவில்லை. கல்லூரி அவனுக்குக் கொடுத்தது பாதி. அந்தப் பாதியையும் பிடுங்கியவன் நான்.

நாளை லேபில் மௌஸ் அவனிடம். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறேன்.

இந்தக் குழுவில் இருக்கும் ரேங்க் ஹோல்டர்களே, உங்கள் ஜோடி கடைசியாக மௌஸைத் தொட்டது எப்போது? பதில் போடுங்கள்.